நாற்பத்தெட்டு வளைவுகள்

மலைக்கு முடி உண்டு, இடையும் உண்டு. முடியைக் கண்டு மருண்ட மனிதன் அங்கே தெய்வத்தைக் குடியேற்றினான். இடையைக் கண்டு துணிந்த மனிதன் அங்கே வழி சமைத்தான். கிரேக்கனுக்கு ஒலிம்பசு, நம்மவர்க்குக் கயிலை. கால் வைக்க அஞ்சிய இடமெல்லாம் கடவுளின் இருப்பிடம்! கால் வைத்த இடமோ, உப்பு மூட்டை சுமந்தவனும் துணிப்பொதி சுமந்தவனும் நடந்து நடந்து தேய்த்த வெறும் ஒற்றையடிப் பாதை. முடியைப் பாடியோர் ஆயிரவர். இடையைப் பாடியோர் எத்தனை பேர்? ஆயினும், ஒரு நாட்டு மக்களை மற்றொரு நாட்டு மக்களோடு சேர்த்துவைத்தது எது? வான் தொடும் முடியா? அன்று, அன்று! இரு முகடுகளுக்கு நடுவே தாழ்ந்து நின்று வழிவிட்ட இடைதான். அதற்குத்தான் கணவாய் என்று பெயர்.

அத்தகைய கணவாய் ஒன்றைச் சென்ற கோடையில் மிதிவண்டியில் ஏறிக் கடந்தேன். இத்தாலி நாட்டின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைத்தொடரில், சுவிட்சர்லாந்தின் எல்லையை உரசிக்கொண்டு கிடக்கிறது அது. உயரம் 2757 மீட்டர். தமிழகத்தின் தலையாய முடி என்று நாம் பெருமையுடன் கூறும் தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர். அங்கே மலையின் இடை, நம் மலையின் முடியைவிட உயரத்தில் இருக்கிறது! ஏற்றம் தொடங்கும் பிராட் என்ற சிற்றூர் ஏறத்தாழ 915 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கணவாய்வரை 25 கிலோமீட்டர் அளவுக்குப் பாதை. அதற்குள் 1842 மீட்டர் ஏற வேண்டும். 48 கொண்டை ஊசி வளைவுகள் திரும்ப வேண்டும். கொல்லிமலைக்குச் சென்று வந்தவர்கள், "எங்கள் பாதையில் எழுபது உண்டே!" என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. எண்ணிக்கையில் நாம் வென்றோம், உயரத்தில் அவர்கள் வென்றார்கள். போட்டி அத்துடன் முடியட்டும்.

வீரம் பேசுவதற்காக இதை எழுதவில்லை. கோடைதோறும் ஆயிரக்கணக்கானோர் அந்த ஏற்றத்தை ஏறுகின்றனர்; நரைத்த தலையினரும் ஏறுகின்றனர். நான் எழுத முற்பட்டதற்குக் காரணம் வேறு. அந்த வழியெங்கும் நின்ற பெயர்ப் பலகைகள் என்னிடம் ஒரு கதை சொல்லின. அந்தக் கதை நமக்கும் உரியது என்று தோன்றிற்று.

கணவாய்க்கு இரண்டு பெயர்கள். இத்தாலிய மொழியில் பாசோ டெல்லோ ஸ்டெல்வியோ. ஜெர்மன் மொழியில் ஸ்டில்ஃப்சர் யோக். அடிவாரத்து ஊருக்கும் இரண்டு பெயர்கள்: பிராட் என்பர் ஜெர்மன் மொழியினர், பிராட்டோ என்பர் இத்தாலியர். பள்ளியின் வாயிலில் இரண்டு மொழி, ஊராட்சி அலுவலகத்தில் இரண்டு மொழி, சாலைப் பலகையில் இரண்டு மொழி. இத்தாலி நாட்டில் ஜெர்மன் எழுத்துக்கு என்ன வேலை? எவர் வைத்தார், எவர் அகற்றினார், எவர் மீண்டும் வைத்தார்? இந்தக் கேள்வியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் மிதிக்கத் தொடங்கினேன்.

முதலில் பாதையின் கதை. நெப்போலியன் வீழ்ந்த பின், 1815-ஆம் ஆண்டு வியன்னாவில் நடந்த மாநாட்டின் முடிவால், மிலான் நகரும் அதைச் சூழ்ந்த லொம்பார்டியும் ஆஸ்திரியப் பேரரசின் கைக்குப் போயின. பேரரசின் வண்டிகளும் படைகளும் அங்கே விரைந்து செல்ல வழி வேண்டுமல்லவா? கார்லோ டொனெகானி என்ற பொறியாளரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. 1820-இல் தொடங்கி 1825-இல் முடிந்தது.

அவர் முன்னால் நின்றது சுவர் போன்ற மலை. குதிரை பூட்டிய வண்டி அதில் நேரே ஏறாது. மலையைக் குறைக்க இயலுமா? இயலாது. குதிரையின் வலிமையைக் கூட்ட இயலுமா? இயலாது. ஆகவே வழியை மடித்தார். உயரம் அதே உயரம். வழியின் நீளத்தைக் கூட்டினால் ஒவ்வோர் அடிக்கும் வேண்டிய வலிமை குறையும். பள்ளிச் சிறுவனும் அறிந்த சாய்தளத்தின் கணக்கு இது. ஆனால் அந்தக் கணக்கைக் கல்லிலே எழுதிக் காட்டினார்களே, அதுதான் அறிவின் வெற்றி! எந்த மந்திரமும் மலையை நகர்த்தவில்லை; ஒரு முழக்கோலும், ஒரு தாளும், ஆயிரக்கணக்கான தொழிலாளரின் தோள்களும் மலையைக் கடக்கவைத்தன.

அந்தத் தோள்களின் பெயர் எங்கேனும் உண்டா? பாதையில் 2188 மீட்டர் உயரத்தில் ஓர் இடம். அதற்கு 'ஃபிரான்சின் உயரம்' என்று பொருள்படும் பெயர். ஃபிரான்ஸ் என்பது அன்றைய பேரரசரின் பெயர். வியன்னா அரண்மனையில் அமர்ந்திருந்தவருக்கு மலையிலே பெயர்! உளி பிடித்தவனுக்கு ஒரு வரியும் இல்லை. டைனமைட் கண்டுபிடிக்கப்பட இன்னும் 40 ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது. கருமருந்தும் கடப்பாரையும்தான் கருவிகள். பனி விலகிய சில மாதங்களே வேலைக் காலம். இன்றும் குளிர்காலத்தில் பனி மூடி, அந்தப் பாதை அடைபட்டுத்தான் கிடக்கிறது. அத்தகைய இடத்தில் ஆறு கோடைகளுக்குள் அமைத்த தாங்குசுவர்களின் மேலே இருநூறு ஆண்டுகளுக்குப் பின் என் சக்கரம் உருண்டது. கல்லை அடுக்கிய அந்தப் பெயரற்ற கைகளுக்குத்தான் என் முதல் வணக்கம்.

வைகறையில் பிராட் ஊரைவிட்டுப் புறப்பட்டேன். பக்கத்திலே பனியாற்று நீர் சுண்ணாம்பு கரைத்தாற்போல் வெளுத்து இரைந்தோடியது. முதல் சில கிலோமீட்டர் மலை நம்மை மதிப்பதில்லை; 'பார்ப்போம், எத்தனை நேரம்' என்று வாளா இருக்கும். கோமகோய் என்ற இடத்தில் 1860-களில் எழுந்த ஆஸ்திரியக் கோட்டை ஒன்று சாலையை மறித்தாற்போல் நிற்கிறது. எந்த நாட்டைச் சேர்க்கப் பாதை போட்டார்களோ, அந்த நாடு 1859-இல் கைநழுவிப் போயிற்று. சேர்க்கப் போட்ட வழியைக் காக்கக் கோட்டை! அரசுகளின் அறிவு அவ்வளவுதான்.

அதன்பின் சரிவு கூடியது. உயிர்ப்புக்கும் மிதிப்புக்கும் ஓர் உடன்பாடு செய்துகொண்டு, மிகச் சிறிய கியருக்கு இறங்கினேன். வேலை மும்முரமானதும் மனம் கணக்கில் இறங்கியது. என் எடையும் வண்டியின் எடையும் சேர்ந்து 85 கிலோ. அதை 1842 மீட்டர் மேலே தூக்கப் பதினைந்து இலட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். உண்ட உணவின் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே மிதிகட்டையைச் சேரும். எஞ்சியது உடற்சூடாய்ப் போகும். ஆகவே காற்றுத் தடையையும் சக்கரத் தடையையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், 1450 கலோரிக்கு மேல் உணவு வேண்டும். இட்டிலி ஒன்றுக்கு ஐம்பது என்று கொண்டால் ஏறத்தாழ முப்பது இட்டிலி! ஒருவனை மலையேற்றுவது அவன் தலைவிதியா, தட்டில் இருந்த உணவா என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். பசித்த வயிற்றை வைத்துக்கொண்டு முன்னேறு, முன்னேறு என்று முழங்குவோர் ஒருமுறை இத்தகைய ஏற்றத்தில் ஏறிப் பார்க்க வேண்டும்.

டிராஃபோய் என்ற மலையூரை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. 1500 மீட்டரைத் தாண்டிய உயரம். ஊருக்கு அப்பால், மூன்று ஊற்றுகள் பெருகும் இடத்தில் ஒரு திருத்தலம் இருக்கிறது. தண்ணீருக்குத் தெய்வத்தன்மை உண்டென்று அங்கேயும் யாத்திரை வருகிறார்கள். மூட நம்பிக்கை கிழக்கின் தனிச்சொத்து என்று எண்ணுவோர் அறிந்துகொள்ளட்டும். பனி உருகுகிறது, பாறையிடுக்கில் இறங்குகிறது, ஊற்றாய் வருகிறது. அதைக் குடித்தேன், தாகம் தீர்ந்தது. அதற்கு மேலான அருள் அதனிடம் எனக்குத் தேவைப்படவில்லை.

அந்த ஊரின் உணவு விடுதி ஒன்றில் சற்று அமர்ந்தேன். ரொட்டியும் சூடான சாறும் கொணர்ந்து வைத்த அம்மையாருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றேன். எந்த மொழி என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. அயல்நாட்டார் பெரும்பாலும் நாட்டின் பெயரோடு நிறுத்திக்கொள்வர்; நாட்டுக்குள்ளே மொழிகள் உண்டு என்று அறிந்து கேட்போர் சிலரே. "தமிழ்" என்றேன்.

"உங்கள் ஊர்ப் பலகையில் உங்கள் மொழி இருக்கிறதா?" என்றார்.

"இருக்கிறது, அம்மா. ஆனால் தானாக வரவில்லை" என்றேன்.

"எங்களுக்கும் அப்படித்தான்" என்று சொல்லி, எதிரே இருந்த நாற்காலியில் அமர்ந்தார். அவருடைய தாய் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது, வகுப்பறையில் தாய்மொழி பேசினால் தண்டனை. ஆகவே மாலையில், வைக்கோல் பரணில், நாலைந்து பிள்ளைகளோடு அமர்ந்து ஜெர்மன் எழுத்துகளைக் கற்றார். கற்றுத் தந்தவள் இருபது வயதுப் பெண். வாயிலில் காலடி கேட்டால் ஏடு துணிக்கூடையின் அடியில் போய்விடும். பிள்ளைகளின் கையில் பின்னல் ஊசி வந்துவிடும். "என் தாய் இறக்கும்வரை, கதவு தட்டும் ஓசை கேட்டால் கையிலுள்ளதை மறைத்துவிடுவார்" என்றார் அம்மையார்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று, வரலாறு. முதல் உலகப் போரின் முடிவில், 1919-ஆம் ஆண்டு செயின்ட் ஜெர்மைன் உடன்படிக்கையால், தென் டைரோல் எனும் அந்த நிலம் இத்தாலிக்குக் கொடுக்கப்பட்டது. அங்கே வாழ்ந்தோரில் மிகப் பெரும்பாலோர் ஜெர்மன் பேசுவோர். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. 1922-இல் முசோலினி ஆட்சிக்கு வந்தான். 1923-இல் பள்ளிச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஜெர்மன் மொழி வெளியேற்றப்பட்டது. ஊர்ப் பெயர்கள் ஆணையால் மாற்றப்பட்டன. எட்டோரே டொலோமெய் என்பவர் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு இத்தாலிய வடிவம் எழுதித் தந்தார். மலைக்குப் புதுப் பெயர், ஓடைக்குப் புதுப் பெயர்! போதவில்லை, கல்லறைக் கல்லிலும் ஜெர்மன் எழுத்து கூடாது என்றார்கள். உயிருள்ளவன் வாயை மூடிய பிறகு, செத்தவன் வாயையும் மூடவேண்டும் என்று தோன்றியது ஆதிக்கத்துக்கு.

அப்போது எழுந்தவைதான் மறைவுப் பள்ளிகள். நிலவறைப் பள்ளிகள் என்றே அவற்றுக்குப் பெயர். பரணிலும் சமையலறையிலும் இளம் பெண்கள் ஆசிரியைகளாயினர். ஆங்கெலா நிக்கொலெட்டி என்ற பெண் 1905-இல் பிறந்தவர், தாய்மொழி கற்பித்த குற்றத்துக்காகச் சிறை வைக்கப்பட்டார், ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார், நோயுற்று 1930-இல், 25 வயதில் மறைந்தார். அவர் கையில் துப்பாக்கி இல்லை, எழுத்துப் புத்தகம் இருந்தது. வல்லரசு அஞ்சியது அந்தப் புத்தகத்துக்கு!

1939-இல் இன்னும் பெரிய கொடுமை. இட்லரும் முசோலினியும் கூடிப் பேசி அந்த மக்கள் முன் இரண்டு வழிகளை வைத்தனர்: மண் வேண்டுமானால் மொழியை விடு, மொழி வேண்டுமானால் மண்ணை விடு. தாயின் நாக்கையா, தாயின் வீட்டையா, எதை அறுத்துக்கொள்வாய் என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வெளியேறுவதாக எழுதிக் கொடுத்தனர். ஏறத்தாழ 75,000 பேர் வெளியேறியும் போயினர். அண்ணன் புறப்பட, தம்பி தங்க, குடும்பங்கள் நடுவே பிளந்தன.

"உங்கள் பலகைக்கு என்ன கதை?" என்று கேட்டார் அம்மையார். சுருக்கமாகச் சொன்னேன். 1953-ஆம் ஆண்டு சூலையில், கல்லக்குடி என்ற ஊருக்கு ஓர் ஆலை முதலாளியின் பெயரால் டால்மியாபுரம் என்று பலகை நின்றதை எதிர்த்துக் கலைஞர் தலைமையில் இளைஞர்கள் இருப்புப் பாதையில் படுத்ததைச் சொன்னேன். நாட்டுக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கேட்டு 1956-இல் 76 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்ட சங்கரலிங்கனாரைச் சொன்னேன். 1965-இல் மாணவர் சிந்திய குருதியைச் சொன்னேன். 1967-இல் அண்ணா முதலமைச்சரான பின் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதையும், 1969-ஆம் ஆண்டு பொங்கல் திங்களில் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்ததையும் சொன்னேன். அம்மையார் எழுந்து உள்ளே சென்று, இன்னொரு துண்டு ரொட்டி கொணர்ந்து வைத்தார். அதற்கு விலை வாங்க மறுத்துவிட்டார்.

டிராஃபோயைக் கடந்தால்தான் உண்மையான ஏற்றம். வளைவுதோறும் எண் பொறித்திருக்கிறார்கள். கீழிருந்து 48, 47, 46 என்று இறங்குவரிசை. உயரம் ஏற ஏற எண் குறைகிறது. நல்ல ஏற்பாடு! எவ்வளவு வந்தோம் என்று பெருமிதம் கொள்ளவிடாது, எவ்வளவு மீதி என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. ஊசியிலை மரங்கள் சிறுத்தன, பின் மறைந்தன. வலப்புறமும் இடப்புறமும் மாறி மாறி, 3905 மீட்டர் உயர ஓர்ட்லர் மலையின் பனிமுகம் தோன்றியது. 1915 முதல் 1918 வரை நடந்த போரில், அந்தப் பனிமுடியில் பீரங்கியை இழுத்து ஏற்றி வைத்தார்களாம் ஆஸ்திரியப் படையினர். பீரங்கி ஏற்ற முடிந்த உயரத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் ஏற்ற எவருக்கும் தோன்றவில்லை!

முப்பதாவது வளைவை ஒட்டி, பின்னாலிருந்து சீரான மூச்சொலி கேட்டது. இரண்டு பெண்கள், ஒருவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். வாழ்த்துச் சொல்லி என்னைக் கடந்து போயினர். மலை அவர்களிடம், 'நீ பெண்ணாயிற்றே, சரிவைக் குறைத்துக்கொள்கிறேன்' என்று சொல்லவில்லை. 'நீ பெண்ணாயிற்றே, இங்கே வராதே' என்றும் சொல்லவில்லை. அதைச் சொன்னவர்கள் மனிதர்கள்தாம். 1924-இல் இத்தாலி நாட்டைச் சுற்றிவரும் பெரும் மிதிவண்டிப் பந்தயத்தில் அல்ஃபொன்சினா ஸ்ட்ராடா என்ற உழைக்கும் குடும்பத்துப் பெண் ஆண்களோடு ஓடினார். நடுவழியில் கைப்பிடி முறிந்தபோது துடைப்பக்கட்டையைக் கட்டிக்கொண்டு மேலே ஓட்டினார். காலவரம்பைத் தாண்டியதால் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஆயினும் நிற்காமல் மிலான்வரை சென்றார். புறப்பட்ட 90 பேரில் வரிசையில் இடம்பெற்று முடித்தோர் 30 பேரே. அடுக்களையின் துடைப்பக்கட்டை அடுக்களையிலிருந்து வெளியேறும் வழிக்கும் பயன்பட்டது பாருங்கள்!

ஃபிரான்சின் பெயர் தாங்கிய இடத்தை அடைந்து நிமிர்ந்தேன். எதிரே மலைச்சுவர் முழுதும் பாதை மேலும் மேலும் மடிந்து கிடந்தது, தையற்காரன் இழையோட்டிய துணி போல. இருபதுக்கு மேற்பட்ட வளைவுகள் ஒரே பார்வையில்! இங்கேதான் 1953 சூன் முதல் நாள் ஃபாஸ்டோ கோப்பி என்ற வீரர், முன்னணியில் இருந்த ஹூகோ கோப்லெட்டைத் தனியே விட்டு ஏறிச் சென்றார். அவ்வாண்டின் பந்தயத்தையும் வென்றார், ஐந்தாம் முறையாக. அந்தப் பந்தயம் இந்தக் கணவாயில் ஏறியது அதுவே முதல் தடவை. கோப்பி உழவர் வீட்டுப் பிள்ளை; சிறுவனாக இறைச்சிக் கடை ஒன்றில் மிதிவண்டியில் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தவர். பிறப்பு அவரைத் தூக்கவில்லை. அன்றாட வேலையில் உரமேறிய கால்கள் தூக்கின.

ஆனால் அந்த மலைச்சுவரைப் பார்த்தபோது என் நினைவில் நின்றவர் இரண்டு கால் கொண்ட கோப்பி அல்லர். ஒற்றைக் காலர் ஒருவர். சில்வியுஸ் மக்னாகோ என்பது அவர் பெயர். இரண்டாம் உலகப் போரில் ஒரு காலை இழந்தவர். போர் முடிந்து, 1946-இல் ஆஸ்திரியாவும் இத்தாலியும் பாரிசில் உடன்பாடு செய்தன. ஜெர்மன் பேசுவோர்க்குத் தன்னாட்சி என்று எழுதின. 1948-இல் தன்னாட்சி வந்தது, எப்படி வந்தது? பக்கத்து இத்தாலிய மாவட்டத்தோடு சேர்த்துக் கட்டி, அங்கே அவர்கள் சிறுபான்மையாகும்படி வந்தது! கையில் கொடுத்தாற்போல் கொடுத்துப் பையில் போட்டுக்கொள்ளும் வித்தை, எல்லா நாட்டு ஆளவந்தாரும் அறிந்த வித்தை.

1957 நவம்பர் 17-ஆம் நாள், சிக்முண்ட்ஸ்குரோன் என்ற பாழடைந்த கோட்டையில் ஏறத்தாழ 35,000 பேர் திரண்டனர். நகரத்துக்குள் புகுவோம் என்று கொதித்தது கூட்டம். ஊன்றுகோலோடு மேடையேறிய மக்னாகோ, அமைதியாகக் கலைவோம் என்று தாம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும்படி கேட்டார். கூட்டம் கலைந்தது. 'கோழை' என்றனர் சிலர். 1961-இல் மின்கோபுரங்களை வெடி வைத்துத் தகர்த்தனர் வேறு சிலர்; உயிர்கள் போயின. அவரோ பேசினார், எழுதினார், ரோமுக்கும் வியன்னாவுக்கும் நடந்தார். ஆஸ்திரியா 1960-இல் ஐக்கிய நாடுகள் அவையில் வழக்கை வைத்தது. 1969-இல் 137 விதிகள் அடங்கிய ஓர் உடன்பாடு உருவாயிற்று. சொந்தக் கட்சியிலேயே மிகச் சிறு பெரும்பான்மையில்தான் அதற்கு இசைவு கிடைத்தது. 1972-இல் புதிய தன்னாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் ஒவ்வொன்றாய் நிறைவேறி, வழக்கு முடிந்தது என்று ஆஸ்திரியா அறிவிக்க 1992 ஆயிற்று!

இன்று என்ன நிலை? தாய்மொழியில் பள்ளி, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரே ஆசிரியர், மற்ற மொழி இரண்டாம் மொழி. அலுவலகத்தில், வழக்கு மன்றத்தில், தன் மொழியில் பேசும் உரிமை. மக்கள்தொகைக்கு ஏற்ப அரசு வேலைகளில் பங்கு. வகுப்புவாரி உரிமை கேட்டுப் போராடிய நமக்கு அது புதிய சொல் அன்று. வரிப்பணத்தில் பெரும்பகுதி அந்த மாநிலத்திலேயே தங்குகிறது. பத்தில் ஏழு பேர் ஜெர்மன் மொழியினர். நாலில் ஒருவருக்குச் சற்றே மேல் இத்தாலியர். லடின் எனும் மிகச் சிறிய மொழியினருக்கும் பள்ளியில் இடம் உண்டு. இத்தாலி உடைந்துவிட்டதா? இல்லை. டொலோமெய் எழுதிய இத்தாலியப் பெயர்கள்கூட அழிக்கப்படவில்லை. ஜெர்மன் பெயருக்குப் பக்கத்தில் நிற்கின்றன. அதுபற்றிய பூசல் முற்றிலும் ஓய்ந்துவிடவும் இல்லை. ஆனால் பூசல் இன்று ஏட்டிலும் மன்றத்திலும் நடக்கிறது. பரணில் மறைந்திருக்கும் குழந்தை இல்லை.

1969-இல் இராசமன்னார் குழுவை அமைத்து, 1974-இல் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றிய நாட்டினன் நான். ஆகவே அந்தச் சட்டத்தின் விதிகள் எனக்கு வேற்று நாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டில் சமைத்த சோற்றின் மணம் போல் தோன்றின.

எஞ்சிய வளைவுகளில் ஏறினேன். காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் நாலில் மூன்று பங்குக்கும் குறைந்திருந்தது. ஒவ்வொரு மூச்சிலும் உயிர்வளி குறைவு. அடிவாரத்தில் சட்டை நனைய வியர்த்த உடல், இங்கே பனிக்காற்றில் சிலிர்த்தது. இருநூறு அடிகளுக்கு ஒரு வளைவு, மீண்டும் ஒரு வளைவு. வளைவின் உள்விளிம்பு செங்குத்து; வெளிவிளிம்பு சற்றே தாழ்வு. வெளிவிளிம்பில் போனால் வழி சிறிது நீளும், மூச்சு சிறிது மீளும். ஒருமுறை கீழே நோக்கினேன். நான் வந்த பாதை பலமுறை பின்னோக்கித் திரும்பியிருந்தது. ஒரு வளைவைத் தனியே பார்ப்பவன், 'இவன் வந்த திசைக்கே திரும்பிப் போகிறான்' என்றுதான் சொல்வான். திசை திரும்புகிறது, உயரம் திரும்புவதில்லை! திரும்பிய ஒவ்வொரு தடவையும் ஓர் ஆள் உயரமேனும் மேலே வந்திருக்கிறோம்.

ஒன்று என்று எண்ணிட்ட வளைவும் போயிற்று. உச்சியில் விடுதிகளும் கடைகளும். மோட்டார் வண்டிகளின் இரைச்சல். வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்துக் குன்றின் மேலே நடந்தேன். உயரம் 2843 மீட்டர். அதற்கு 'மும்மொழி முடி' என்று பெயர். ஜெர்மன், இத்தாலி, ரொமான்ஷ் ஆகிய மூன்று மொழி நிலங்களும் தொட்டுக்கொள்ளும் இடம். முதல் உலகப் போர்வரை மூன்று அரசுகளின் எல்லையும் அதுவே. போர்க்காலப் பதுங்குகுழிகளின் சிதைவுகள் இன்றும் காணப்படுகின்றன. மூன்று மொழி கூடும் இடத்தில் குழி தோண்டிச் சுட்டுக்கொண்டார்கள்! மொழிகள் சண்டையிட்டனவா? மொழிக்குச் சுடத் தெரியாது.

அங்கிருந்து மேற்கே தெரிவது சுவிட்சர்லாந்து. ரொமான்ஷ் மொழி பேசுவோர் அன்று அரை இலட்சம் பேர்கூட இல்லை. 1938-இல் அந்நாட்டு மக்கள் வாக்களித்து அதைத் தங்கள் நாட்டின் நான்காம் தேசிய மொழியாக ஏற்றனர். ஆண்டைக் கவனியுங்கள்! ஒரு முகட்டுக்குக் கிழக்கே, இலட்சக்கணக்கானோர் மொழியைக் கல்லறையிலும் விடாமல் சுரண்டி எடுத்த அதே காலத்தில், மேற்கே ஒரு கைப்பிடி மக்களின் மொழியை அரியணையில் அமர்த்தினார்கள். சுரண்டியவனின் பேரரசு சில ஆண்டுகளில் சரிந்தது. அமர்த்தியவன் நாடு நான்கு மொழியோடு நலமாக நிற்கிறது. பல மொழி இருந்தால் நாடு சிதறும் என்று நமக்குப் பாடம் சொல்ல வருவோர், முதலில் அந்தக் குன்றின் மேல் ஏறி இரு புறமும் பார்த்துவிட்டு வரட்டும்.

நண்பர்களே! ஏற்றம் கண்டவர்க்கெல்லாம் இரண்டு அறிவுரைகள் கிடைக்கும். 'நேரே ஏறு, வளையாதே, வளைந்தால் துரோகம்' என்பான் ஒருவன். அவன் மலையை அருகில் பார்க்காதவன். 'ஏறாதே, இருந்த இடத்தில் இரு, அதுதான் உனக்கு விதித்தது' என்பான் மற்றொருவன். அவன் ஏற்கெனவே மேலே இருப்பவன். இருவர் பேச்சையும் கேட்டிருந்தால் அந்தக் கணவாயில் பாதையே வந்திராது. மறைவுப் பள்ளியில் எழுத்துக் கற்ற சிறுமி, தன் மகள் காலத்துப் பலகையில் அந்த எழுத்தைக் கண்டாள். நடுவே எத்தனை வளைவுகள்! திரும்பிவிட்டோமோ என்று ஐயுற்ற தருணங்கள் எத்தனை! நாம் கடந்த வளைவுகளும் பல; இனிக் கடக்க வேண்டியவையும் பல. எண்ணுவோம், களைப்பாறுவோம், கசப்போரைக் கண்டு கலங்காதிருப்போம். மலை குனியாது, குனிய வேண்டியதும் இல்லை. மிதிப்பதை நிறுத்தாதவன் காலடியில் உயரம் சேர்ந்துகொண்டே இருக்கும்.